வெளியில் நிற்கும் இயந்திரங்களைத் திருட்டிலிருந்தும் சேதத்திலிருந்தும் காப்பது எப்படி: புதியவர்களுக்கான வழிகாட்டி

ஒரு திங்கட்கிழமைக் காலையில் பணித்தளத்துக்குப் போனபோது, சக்கரம் பொருத்திய ஜெனரேட்டரும் மண் இறுக்கும் கம்பாக்டரும் நின்ற இடத்தில் சக்கரத் தடமும் இரண்டாக வெட்டப்பட்ட சங்கிலியும் மட்டுமே கிடந்தன. இயந்திரங்கள் ஓர் இரவில் போய்விட்டன. காவல் நிலையத்துக்கும் காப்பீட்டு அலுவலகத்துக்கும் நான் ஐந்து மாதம் நடந்தேன். எந்தப் பூட்டைப் போட்டிருந்தீர்கள் என்று அங்கே யாரும் அதிகம் கேட்கவில்லை. வரிசை எண் என்ன, வாங்கிய ரசீது எங்கே, கடைசியாக அதைப் பார்த்தவர் யார் என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். மூன்றில் ஒன்றுக்குத்தான் என்னிடம் ஒழுங்கான பதில் இருந்தது.

கட்டுமானம், மண்வேலை, நில அளவை, ஆழ்துளைக் கிணறு, தோட்டப் பராமரிப்பு என எந்தத் தொழிலாக இருந்தாலும், விலை உயர்ந்த கருவிகளை இரவில் வெளியில் விட்டுவிட்டுப் போக வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். படிகளை நான் கொடுத்திருக்கும் வரிசையிலேயே செய்யுங்கள். பலரும் கேமராவில் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன், அது தவறு. செலவே இல்லாத வேலைகள் முதலில் வருகின்றன. மாதாமாதம் பணம் கேட்பவை பின்னால் வருகின்றன.

1. பட்டியலும் ஆவணங்களும்

இதற்கு ஒரு மாலைப்பொழுதும் ஒரு கைபேசியும் போதும். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனிப் பக்கம் ஒதுக்கி, தயாரிப்பாளர் பெயர், மாடல், தயாரித்த ஆண்டு, வரிசை எண், வாங்கிய நாள், கொடுத்த விலை, வழக்கமாக நிற்கும் இடம் ஆகியவற்றை எழுதுங்கள்.

வரிசை எண்ணில்தான் நான் சறுக்கினேன். ஒரு ஜெனரேட்டரில் எஞ்சினுக்கு ஓர் எண், மின்சாரம் உற்பத்தி செய்யும் ஆல்டர்னேட்டருக்கு ஓர் எண், இரண்டையும் சேர்த்துப் பொருத்திய முழு இயந்திரத்துக்கு ஓர் எண் என மூன்று தகடுகள் இருக்கும். காவல் நிலையப் புகாரில் நான் கொடுத்தது எஞ்சின் எண். காப்பீட்டுப் பத்திரத்தில் இருந்தது முழு இயந்திரத்தின் எண். இரண்டும் ஒரே ஜெனரேட்டரைத்தான் குறிக்கின்றன என்று நிறுவுவதற்கே இரண்டு மாதம் போயிற்று. ஆகவே எத்தனை தகடுகள் இருக்கின்றனவோ அத்தனை எண்களையும், எது எதனுடையது என்ற குறிப்புடன் எழுதிக்கொள்ளுங்கள். மண் அள்ளும் பெரிய இயந்திரங்களுக்கு 17 எழுத்தும் எண்ணும் கலந்த அடையாள எண் உண்டு. அது தகட்டில் மட்டுமின்றிச் சட்டகத்திலும் பொறிக்கப்பட்டிருப்பது வழக்கம். இரண்டு இடங்களிலும் பார்த்து, ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று சரிபாருங்கள்.

அடுத்தது படங்கள். நான்கு பக்கங்களும் முழுமையாக, ஒவ்வொரு தகடும் எழுத்து தெளிவாகத் தெரியும் அளவுக்கு நெருக்கமாக, பிறகு அந்த இயந்திரத்துக்கு மட்டுமே உரிய தழும்புகள் என எடுத்து வையுங்கள். வெல்டிங் செய்து ஒட்டிய இடம், நெளிந்த மூடி, நிறம் மாறிய ஒரு போல்ட் ஆகியவைதான் தகடு பிடுங்கப்பட்ட பிறகு உங்கள் பக்கம் பேசும் சாட்சிகள். கைபேசி படத்துக்குள் பதியும் நாளையும் நேரத்தையும் அழித்துவிடாமல், மூலப் படத்தை அப்படியே சேமியுங்கள். படத்தைச் சுருக்கி அனுப்பும் செய்தி செயலிகள் அந்த விவரத்தைப் பெரும்பாலும் நீக்கிவிடுகின்றன.

இவற்றோடு சேர்க்க வேண்டிய ஆவணங்கள்: வாங்கிய ரசீது, பணம் செலுத்திய வங்கிப் பதிவு, உத்தரவாத அட்டை, பழுதுபார்த்த ரசீதுகள். பழுதுபார்த்த ரசீதில் வரிசை எண்ணை எழுதச் சொல்லி வாங்குங்கள். நீங்கள்தான் அதை வைத்திருந்தீர்கள், இந்தத் தேதியில் அது ஓடிக்கொண்டிருந்தது என்பதை அது ஒரே தாளில் காட்டிவிடும். பழைய இயந்திரம் வாங்கும்போது, விற்பவரின் கையொப்பமிட்ட விற்பனைக் கடிதமும் அவருடைய அடையாள ஆவணத்தின் நகலும் கேளுங்கள். தகட்டின் ரிவெட் மட்டும் புதிதாக மின்னினாலோ, எண் இருக்க வேண்டிய இடத்தில் உலோகம் தேய்க்கப்பட்டிருந்தாலோ அந்த இயந்திரத்தைத் தொடாதீர்கள். பிறர் இழந்த பொருளை வாங்கியவர் என்ற நிலை, பொருளை இழந்தவரின் நிலையைவிடச் சங்கடமானது. வாடகைக்கு எடுத்த கருவியாக இருந்தால், திருட்டுப் போனால் இழப்பு யாருடையது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் வரியைத் தேடிப் படியுங்கள். பெரும்பாலும் அது வாடகைக்கு எடுத்தவருடையதாகவே இருக்கும்.

எல்லாவற்றின் நகலையும் பணித்தளத்துக்கு வெளியே ஓர் இடத்தில் வையுங்கள். கோப்பை அலுவலகக் கன்டெய்னரில் வைத்து, கன்டெய்னரையே உடைத்து எடுத்துப் போனதைக் கண்ட ஒருவரை எனக்குத் தெரியும்.

2. அடையாளக் குறி

என் ஜெனரேட்டர் போன சில வாரங்களுக்குப் பிறகு, பழைய இயந்திரங்கள் விற்கும் ஓரிடத்தில், அதே மாடலில் புதிதாக வண்ணம் பூசிய ஒன்றைப் பார்த்தேன். என்னுடையதுதான் என்று உள்ளூரத் தோன்றியது. ஆனால் தகடு இல்லை. காட்டுவதற்கு என்னிடம் எந்தக் குறியும் இல்லை. பேசாமல் திரும்பி வந்தேன்.

குறி இரண்டு வகையாக இருக்க வேண்டும். ஒன்று, தூரத்திலிருந்தே தெரிவது: நிறுவனத்தின் பெயரும் ஒரு தொடர்பு எண்ணும் பெரிய எழுத்தில், வழக்கத்துக்கு மாறான நிறத்தில், கழற்ற முடியாத பாகத்தின் மேல் எழுதப்பட்டிருக்க வேண்டும். மறுவிற்பனைக்கு முன் வண்ணம் பூச வேண்டிய வேலையைத் திருடனுக்குக் கொடுப்பதே அதன் பயன். மற்றொன்று மறைவானது: மூடிக்கு உள்பக்கம், டேங்குக்கு அடியில், இருக்கைக்குக் கீழே என இரண்டு மூன்று இடங்களில் எண் அச்சாலோ மின் செதுக்கியாலோ ஒரே குறியீட்டைப் பொறித்து, அந்த இடங்களைப் படமெடுத்துப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். நுண்புள்ளி எனப்படும், மணல் துகள் அளவே உள்ள எண்ணிட்ட துகள்களைப் பசையில் கலந்து பூசும் முறையும் உண்டு. நூற்றுக்கணக்கான துகள்களில் ஒன்று மிஞ்சினாலும் உருப்பெருக்கியில் எண்ணைப் படித்துவிடலாம்.

புற ஊதா விளக்கில் மட்டும் தெரியும் பேனா மலிவானது, ஆனால் வெயிலில் மங்கிவிடும். வெளிப்புறத்தில் அதை நம்பாதீர்கள், உள்பாகங்களில் எழுதி ஆண்டுக்கொரு முறை புதுப்பியுங்கள். இன்னோர் எச்சரிக்கை: ஓட்டுநரின் தலைக்கு மேலுள்ள பாதுகாப்புச் சட்டகத்தில், இயந்திரம் கவிழ்ந்தால் உயிர் காக்கும் அந்தக் கம்பிகளில், எந்தக் காரணத்துக்காகவும் துளையிடவோ வெல்டிங் செய்யவோ கூடாது. அவ்வாறு செய்தால் அதன் பலத்துக்கான சான்று செல்லாததாகிவிடும்.

3. எது எங்கே நிற்க வேண்டும்

இதற்குச் செலவே இல்லை. ஒவ்வொரு மாலையும் பதினைந்து நிமிடம் போதும், ஆனால் அதைத் தினமும் செய்ய வைப்பதுதான் கடினம்.

இழுத்துச் செல்லக்கூடிய சிறிய இயந்திரங்களை நடுவில் நிறுத்தி, அவற்றைச் சுற்றி நகர்த்தக் கடினமான பெரிய இயந்திரங்களை நெருக்கமாக நிறுத்துங்கள். பொக்லைனின் மண் அள்ளும் வாளியைத் தரையில் ஊன்றி இறக்கி வையுங்கள். கம்ப்ரஸரின் கதவு திறக்கும் பக்கத்தைச் சுவரோடு ஒட்டி நிறுத்தினால் எஞ்சினிலும் பேட்டரியிலும் கைவைக்க இயலாது. கருவிகள் வைக்கும் கன்டெய்னர்கள் இரண்டு இருந்தால், கதவும் கதவும் எதிரெதிரே, ஓர் ஆள்கூட நுழைய முடியாத இடைவெளியில் இருக்கட்டும். ஒன்றே இருந்தால் கதவின் குறுக்கே ஒரு கனரக வாகனத்தை நிறுத்துங்கள். இழுவை வண்டியின் கொக்கியைக் கழற்ற முடிந்தால் கழற்றி, பூட்டிய இடத்தில் வையுங்கள்.

சாலையிலிருந்து பார்த்தால் என்ன தெரிகிறது என்று வெளியே நின்று ஒருமுறை பாருங்கள். வேலியை முழுவதும் மறைத்துவிட்டால் உள்ளே இருப்பது தெரியாது என்பது உண்மைதான். ஆனால் உள்ளே நுழைந்தவன் செய்வதும் வெளியே தெரியாது. இடையில் கண் போகும் வேலியை வைத்து, விலை உயர்ந்தவற்றை மட்டும் பார்வையிலிருந்து ஒதுக்குவதே என் தேர்வு.

நில அளவைக் கருவிகளைப் பற்றி ஒரு வார்த்தை. முக்காலியில் பொருத்திய, கோணமும் தூரமும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷனையும், செயற்கைக்கோள் சமிக்ஞையால் இடத்தை அறிய நிலையான இடத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஜிஎன்எஸ்எஸ் வாங்கியையும் விட்டுவிட்டு மறுமுனைக்கு நடப்பவர்கள், பகலில்தான் அவற்றை இழக்கிறார்கள். அங்கே பூட்டு பயன்படாது. கருவியை விட்டு நகராத ஓர் ஆளும், கருவியிலேயே இருக்கும் கடவு எண்ணை இயக்கி வைப்பதும்தான் வழி.

4. பூட்டும் சங்கிலியும்

எந்தப் பூட்டும் அறுபடாதது அல்ல. பேட்டரியில் ஓடும் கிரைண்டர் எதையும் அறுத்துவிடும். நீங்கள் வாங்குவது நேரமும் சத்தமும்தான், அதாவது அறுப்பவன் அங்கே எத்தனை நிமிடம் நிற்க வேண்டும், எவ்வளவு தீப்பொறியும் இரைச்சலும் எழ வேண்டும் என்பது. இந்தக் கணக்கோடு கடைக்குப் போனால், மெல்லிய சங்கிலிக்குக் கனமான பூட்டைப் போடும் வழக்கமான தவறு நேராது.

என் சங்கிலி 8 மில்லிமீட்டர். கையால் அழுத்தும் போல்ட் கட்டருக்கு அது சில விநாடி வேலை. 16 மில்லிமீட்டர் கடினப்படுத்திய எஃகுச் சங்கிலியைக் கைக் கட்டரால் வெட்டுவது ஏறக்குறைய நடக்காத காரியம். ஆனால் அது மீட்டருக்கு ஐந்து கிலோவுக்கு மேல் எடையுள்ளது. ஆகவே தினமும் சுமந்து செல்வதாக நினைக்காமல், ஓரிடத்தில் நிரந்தரமாகக் கட்டி வைப்பதாகத் திட்டமிடுங்கள். சங்கிலி தரையில் கிடக்கக் கூடாது: கட்டரின் ஒரு கைப்பிடியைத் தரையில் ஊன்றி, மற்றொன்றின் மேல் உடல் எடையை முழுவதும் போட்டு அழுத்த அது இடம் கொடுக்கிறது. தளர்வில்லாமல், இடுப்பு உயரத்தில், கருவி நுழைய இடமின்றிச் சுற்றிக் கட்டுங்கள்.

பூட்டில் கவனிக்க வேண்டியது அதன் வளைகம்பி எவ்வளவு வெளியே தெரிகிறது என்பதுதான். வளைகம்பி உடலுக்குள்ளேயே மறைந்திருக்கும் வகையையோ, பூட்டைச் சுற்றி எஃகுப் பெட்டி பற்றவைத்த கதவையோ தேர்ந்தெடுங்கள். தொங்கு பூட்டுகளுக்கு ஐரோப்பியத் தரநிலையான இஎன் 12320 ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரிக்கிறது, ஆறுதான் வலிமை மிக்கது. பூட்டின் உறையில் அந்த எண் அச்சிடப்பட்டிருந்தால் விற்பவரின் பேச்சைவிட அதை நம்பலாம். சங்கிலியைக் கட்டும் பிடிமானமும் அதே வலிமையில் இருக்க வேண்டும். மண்ணில் அடித்த கம்பியில் கட்டிய சங்கிலி, கம்பியோடு சேர்ந்து வந்துவிடும். கான்கிரீட்டில் புதைத்த வளையமோ மற்றொரு கனரக இயந்திரத்தின் சட்டகமோதான் பிடிமானம்.

சாவிகளுக்கு ஒரு பதிவேடு வையுங்கள். எத்தனை சாவி, யாரிடம், எந்த நாள் முதல் என்பதே போதும். பணியை விட்டுப் போனவரிடமிருந்து சாவி திரும்பவில்லையென்றால் அன்றே பூட்டை மாற்றுங்கள். தளத்தின் நிலவரத்தை அறிந்தவர்களால்தான் திருட்டு எளிதாகிறது என்பதைச் சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது, ஏனெனில் என்னிடம் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் என்னைவிடக் கவனமானவர்கள். பதிவேடு அவர்களையும் வீண் சந்தேகத்திலிருந்து காக்கும் என்று சொல்லியே அதை நடைமுறைப்படுத்தினேன், எதிர்ப்பு வரவில்லை.

5. இயந்திரத்தை ஓட விடாமல் செய்தல்

புதியவர்கள் பெரும்பாலும் அறியாதது இது: மண் அள்ளும் இயந்திரங்களில் பல தயாரிப்பாளர்கள் தங்கள் மாடல்கள் அனைத்துக்கும் ஒரே வெட்டுள்ள சாவியைக் கொடுத்து வந்திருக்கிறார்கள். ஒன்றின் சாவி மற்றொன்றையும் இயக்கும். அந்தச் சாவி எளிதாக விலைக்கும் கிடைக்கும். ஆகவே சாவியை எடுத்துக்கொண்டேன் என்பதால் இயந்திரம் பூட்டப்பட்டுவிட்டது என்று எண்ணாதீர்கள். வாங்கும்போதே தனிச் சாவியோ, கடவு எண்ணோ, மின்னணுச் சில்லுள்ள சாவியால் மட்டும் இயங்கும் தடுப்பானோ உண்டா என்று கேளுங்கள். பழைய இயந்திரத்திலும் பின்னர் பொருத்த முடியும். அரை நாள் வேலை.

அதைவிட எளிய வழி பேட்டரித் துண்டிப்பான். பல இயந்திரங்களில் அது ஏற்கெனவே இருக்கும், யாரும் பயன்படுத்துவதில்லை. துண்டித்து, அதன் சாவியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். புகைச் சுத்திகரிப்புக்காக டிஇஎஃப் திரவம் ஊற்றும் எஞ்சினாக இருந்தால், நிறுத்திய உடனே துண்டிக்காதீர்கள். குழாயில் தங்கிய திரவத்தை அது திரும்ப இழுத்துக்கொள்ள சில நிமிடங்கள் ஆகும். எத்தனை நிமிடம் என்று கையேட்டில் பார்த்து, அதன்பின் துண்டியுங்கள்.

6. வெளிச்சம், கேமரா, காவலாளி

விளக்கைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை: இரவு முழுவதும் எரியும் விளக்கைவிட, அசைவைக் கண்டு எரியும் விளக்கு அக்கம்பக்கத்தாரின் கண்ணில் படுகிறது.

கேமராவில்தான் பணம் வீணாகிறது. கம்பத்தின் உச்சியிலிருந்து முழுத் தளத்தையும் காட்டும் ஒரே கேமராவை நானும் வைத்திருந்தேன். தலைகளின் உச்சி மட்டும் நகர்வது அதில் பதிவாயிற்று. கண்காணிப்புக் கேமராக்களுக்கான இஎன் 62676 என்ற தரநிலையின் 2015ஆம் ஆண்டுப் பதிப்பு இதற்கு ஒரு கணக்குத் தந்தது. முன்பின் தெரியாத ஒருவரின் முகத்தை உறுதியாக அடையாளம் காட்ட, காட்சியின் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 படப்புள்ளிகள் வேண்டும். ஏற்கெனவே தெரிந்தவரை இன்னார் என்று சொல்ல 125. யாரோ இருக்கிறார் என்று அறிய 25. 1920 புள்ளி அகலமுள்ள சாதாரண முழு எச்டி கேமராவை எடுத்துக்கொண்டால், முகம் தெரிய வேண்டுமானால் அது ஏழரை மீட்டர் அகலத்துக்கு மேல் காட்டக் கூடாது. ஆகவே ஒரு கேமராவை வாயிலின் மேல், முகத்துக்குச் சற்று உயரே, குறுகிய காட்சியாக வையுங்கள். வாகன எண் பலகைக்கு மற்றொன்று. பரந்த காட்சி கடைசியில் வரட்டும்.

பதிவுப் பெட்டியைத் தளத்திலேயே திறந்த மேசையில் வைத்தால் அதுவும் சேர்ந்தே போகும். காட்சி வெளியிலும் சேமிக்கப்பட வேண்டும். பழைய காட்சியின் மேல் புதியது எத்தனை நாளில் பதிந்துவிடும் என்றும் கேட்டறியுங்கள். நீண்ட விடுமுறைக்குப் பிறகு வந்து பார்க்கும்போது முதல் நாள் காட்சி இல்லாமற்போவது இதனால்தான். தூசி படிந்த கண்ணாடியை மாதமிருமுறை துடைக்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.

காவலாளியை நியமித்தால், அவர் எந்த நேரத்தில் எந்த மூலைக்குச் செல்ல வேண்டும், எதைக் கண்டால் யாரை அழைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். தனியாகத் தடுக்கப் போக வேண்டாம் என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.

7. இடங்காட்டிக் கருவி

இயந்திரம் போன பிறகு அது எங்கே இருக்கிறது என்று சொல்வது இது ஒன்றுதான், ஆனால் சில சிக்கல்கள் உண்டு. செயற்கைக்கோள் வழியாக இடத்தை அறிந்து, கைபேசி வலையமைப்பு வழியாக உங்களுக்குச் சொல்வதே இதன் வேலை. ஆகவே எஃகுக் கன்டெய்னருக்குள் இயந்திரத்தை ஏற்றிவிட்டால் இரண்டு வழியும் அடைபடும். முதல் அசைவிலேயே எச்சரிக்கை வரும்படி அமைத்து, அந்த எச்சரிக்கையை இரவிலும் எடுக்கும் இருவரின் கைபேசிக்கு அனுப்புங்கள்.

2ஜி, 3ஜி வலையமைப்புகளைப் பல நாடுகள் நிறுத்திவிட்டன அல்லது நிறுத்தி வருகின்றன. மலிவாக விற்கும் பழைய கருவிகள் அவற்றையே நம்பியிருக்கின்றன. வாங்கும் முன் 4ஜியில் இயங்குமா என்று கேளுங்கள். இயந்திரத்தின் பேட்டரியைத் துண்டித்தாலும் ஓடும் சொந்தப் பேட்டரி அதற்கு இருக்க வேண்டும். கருவியின் விலையைவிட மாதச் சந்தாதான் நீண்டகாலச் செலவு. ஆண்டுச் சந்தா முடியும் நாளைப் பட்டியலில் குறித்து வையுங்கள். சந்தா முடிந்து நான்கு மாதமாகச் செயலிழந்த கருவியோடு ஒரு கம்ப்ரஸர் களவுபோனது எனக்குத் தெரியும்.

சாவிக்கொத்தில் மாட்டும், இருக்குமிடம் காட்டும் சிறு மின்னணுக் குறிகளை, 2021இல் வந்த ஏர்டேக் போன்றவற்றை, இயந்திரத்தில் ஒளித்து வைப்போர் உண்டு. மாதச் செலவு இல்லை என்பது உண்மை. ஆனால் ஒருவரைத் தெரியாமல் பின்தொடர்வதைத் தடுப்பதற்காக, அறியாத குறி ஒன்று தன்னோடு பயணிக்கிறது என்று அருகிலுள்ளவரின் கைபேசிக்கு அது அறிவித்துவிடும். அந்த அருகிலுள்ளவர் திருடனாகவே இருப்பார். கூடுதலாக வைத்துக்கொள்ளலாம், அதை மட்டும் நம்பக் கூடாது.

8. திருடாமல் கெடுப்பவர்கள்

சேதப்படுத்துபவர்களுக்கு இயந்திரம் வேண்டாம். கண்ணாடியை உடைப்பது, ஹைட்ராலிக் குழாயைக் கிழிப்பது, காப்பர் கேபிளை அறுப்பது, டீசலை உறிஞ்சுவது, டேங்கில் மண்ணையோ தண்ணீரையோ கொட்டுவது என்பதோடு நின்றுவிடுவார்கள். செலவு சில நேரம் திருட்டுக்கு நிகராக வரும், ஏனெனில் வேலை நிற்கும் நாட்களும் அதில் சேருகின்றன.

பூட்டுள்ள டீசல் மூடியும், குழாய் நுழையாதபடி டேங்கின் கழுத்தில் பொருத்தும் தடுப்பு வலையும் மிகக் குறைந்த செலவில் கிடைக்கும். மாலையில் டேங்கை நிரப்பும் வழக்கத்தை ஈரம் சேராமல் இருப்பதற்காகப் பலர் வைத்திருக்கிறார்கள். காவலற்ற தளத்தில் அது டீசலைத் தட்டில் வைத்துக் கொடுப்பது போலாகும் என்பதால், இரண்டில் எது உங்களுக்குப் பெரிய இழப்போ அதைப் பொறுத்து முடிவெடுங்கள். ஓட்டுநர் அறைக் கண்ணாடிக்கு இரும்புத் தகட்டு மூடிகளை வாங்கிப் பொருத்துங்கள். காலையில் எஞ்சினை இயக்கும் முன் டீசல் மூடி, ஆயில் மூடி, குழாய்கள், சக்கரம் ஆகியவற்றைப் பார்ப்பதை ஓட்டுநரின் முதல் வேலையாக்குங்கள். சர்க்கரை போட்டால் எஞ்சின் உருகிவிடும் என்ற பேச்சு வெறும் வதந்தி. அது எரிபொருளில் கரையாது, வடிகட்டியைத்தான் அடைக்கும். தண்ணீரும் மணலும்தான் உண்மையான ஆபத்து. மூடி கலைக்கப்பட்டதாகத் தோன்றினால் இயக்கிப் பார்க்காமல், டேங்கை முழுவதும் வடித்துவிட்டு வடிகட்டியை மாற்றுங்கள்.

9. காப்பீட்டுப் பத்திரத்தைப் படித்தல்

பத்திரத்தை வாங்கும் நாளன்றே படியுங்கள், இழப்பு நேர்ந்த பிறகு படித்தால் உங்களுக்கு எதிரான வரிகள் மட்டுமே கண்ணில் படும். நான் இப்போது ஒவ்வொரு புதுப்பித்தலின்போதும் எழுத்தில் பதில் கேட்டு வாங்கும் கேள்விகள் இவை. இரவில், ஆளில்லாத நேரத்தில், திறந்த வெளியில் நின்றால் காப்பு உண்டா? பலவந்தமாக நுழைந்த அடையாளம் இருந்தால்தான் பணம் கிடைக்குமா? பணியாளரோ, நம்பி இயந்திரம் ஒப்படைக்கப்பட்டவரோ எடுத்துச் சென்றால் காப்பு உண்டா? வேண்டுமென்றே செய்த சேதம் இதில் அடங்குமா, தனியாகச் சேர்க்க வேண்டுமா? வாகனத்தில் ஏற்றிச் செல்லும் வழியிலும் பொருந்துமா? நான் ஏற்க வேண்டிய முதல் தொகை எவ்வளவு?

பலவந்த நுழைவு என்ற நிபந்தனை இருந்தால், வெட்டுண்ட பூட்டும் சங்கிலியும் உங்கள் ஆதாரங்கள். சுத்தம் செய்கிறேன் என்று யாரும் அவற்றைத் தூக்கியெறிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மதிப்பைக் குறைத்துக் காட்டிப் பிரீமியத்தை மிச்சப்படுத்துவது பெரிய பொறி. இயந்திரத்தின் உண்மை மதிப்பு 100 என்றும், நீங்கள் 60க்குக் காப்பீடு செய்திருக்கிறீர்கள் என்றும் கொள்வோம். 40 அளவுக்குச் சேதம் ஏற்பட்டால், 60க்குள்தானே இருக்கிறது, முழுதும் கிடைக்கும் என்று நினைப்பீர்கள். விகிதாசார விதியுள்ள பத்திரத்தில் 24தான் கிடைக்கும், ஏனெனில் மீதிப் பங்குக்கு நீங்களே காப்பீட்டாளர் என்று கொள்ளப்படுகிறது. என் கம்பாக்டருக்கு இப்படித்தான் கணக்கிட்டார்கள். புதிய இயந்திரத்தின் விலையைத் தருவார்களா, தேய்மானம் கழித்த சந்தை மதிப்பைத் தருவார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள். இயந்திரம் வாங்கினாலோ விற்றாலோ அந்த வாரத்திலேயே பத்திரத்தின் பட்டியலைத் திருத்துங்கள். இரவுக் காவலாளி இருப்பார் என்று விண்ணப்பத்தில் எழுதிவிட்டு, பிறகு செலவு கருதி அவரை நிறுத்தினால், அதையும் தெரிவித்தாக வேண்டும்.

10. நடந்துவிட்டால்: முதல் 24 மணி நேரம்

எதையும் தொடாமல், எவரையும் உள்ளே விடாமல், சக்கரத் தடத்தையும் வெட்டிய பூட்டையும் வேலியின் திறப்பையும் முதலில் படமெடுங்கள். அடுத்து, காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார். பட்டியலின் அந்தப் பக்கத்தை அப்படியே இணைத்து, எல்லா எண்களையும் புகாரிலேயே எழுதச் செய்து, நாளும் எண்ணும் இட்ட நகலோடு வெளியே வாருங்கள். நகல் இல்லாமல் காப்பீட்டு அலுவலகத்தில் எதுவும் நகராது.

காப்பீட்டாளருக்கு அன்றே தெரிவியுங்கள். எத்தனை மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்று பத்திரத்தில் ஒரு வரி இருக்கும். தொலைபேசியில் சொன்னாலும் அதைத் தொடர்ந்து மின்னஞ்சலும் அனுப்புங்கள். தயாரிப்பாளரின் சேவை மையத்துக்கும் வரிசை எண்ணைக் கொடுத்து வையுங்கள், ஏனெனில் திருடப்பட்ட இயந்திரத்துக்கும் என்றைக்காவது ஓர் உதிரிப் பாகம் தேவைப்படும். கேமராக் காட்சியை உடனே தனியாகப் பிரதியெடுங்கள், அண்டை இடங்களிலுள்ள கேமராக்களின் காட்சியையும் அவை அழியும் முன் கேட்டு வாங்குங்கள்.

இடங்காட்டி ஓர் இடத்தைக் காட்டினால், நீங்களே போகாதீர்கள். காவல்துறையிடம் அந்த இடத்தைக் கொடுத்து, அவர்களோடு செல்லுங்கள். இணையத்தில் பழைய பொருள் விற்பனை விளம்பரங்களைச் சில வாரங்கள் தொடர்ந்து பாருங்கள். பொருத்தமாக ஏதும் கண்டால் விற்பவரிடம் பேச்சுக் கொடுக்காமல், விளம்பரத்தைப் படமாகச் சேமித்துக் காவல் நிலையத்தில் கொடுங்கள்.

மாற்று இயந்திரம் வருவதற்குள் பூட்டுகளையும் சங்கிலியையும் நிறுத்தும் இடத்தையும் மாற்றி முடித்துவிடுங்கள். ஒருமுறை எளிதாக நுழைந்தவர்கள், இழந்த பொருளுக்குப் பதில் புதியது வந்திருக்கும் என்று கணக்கிட்டு, சில வாரங்களில் திரும்பி வருவது உண்டு. புதிய இயந்திரத்தின் அட்டைப்பெட்டியை வாயிலருகே குப்பையில் போடாமல், கிழித்து, அச்சு உள்பக்கம் இருக்கும்படி மடித்து, வேறோர் இடத்தில் கொண்டு போய்ப் போடுங்கள்.